முக்கால் போதும்

அவர் குடித்து வைத்த டீ கிளாஸில் எப்போதும் ஒரு விரல் அளவு டீ மிச்சம் இருக்கும். ரொட்டி சானாய் சாப்பிட்டால் கடைசித் துண்டு தட்டிலேயே கிடக்கும். காருக்குப் பெட்ரோல் ஊற்றினால் முள் முக்காலைத் தாண்டாது. பதினோரு வருடம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தேன். அவர் எதையும் முழுசாக அனுபவித்து நான் பார்த்ததில்லை. வேலையைச் சொல்லவில்லை, வேலையில் ஒரு திருகாணி குறையாது. மற்ற எல்லாவற்றிலும்தான் இந்தப் பிடிவாதம். "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால் பதிலும் அதே அளவில்தான் வரும்.

"முக்கா பரவால்ல லா."

கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் எங்கள் பட்டறை இருந்த வரிசை முழுக்க அவருக்கு முக்கால் அண்ணன் என்றுதான் பெயர். பக்கத்து டயர் கடைச் சீனர்கூட "முக்கால் இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு வருவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எழுதவில்லை.

எஞ்சின் என் பக்கம், கியர்பாக்ஸ் அவர் பக்கம். நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அது நாங்கள் போட்டதல்ல, எங்களுக்கு முன்னால் இருந்த வாடகைக்காரர் எதற்கோ போட்டுவிட்டுப் போனது. ஆனாலும் இரண்டு பேரும் அதை மதித்தோம். அவர் ஸ்பேனர் என் பக்கம் வராது, என் கை அவர் கருவிப் பெட்டிக்குள் போகாது. கூட்டுத்தொழில் பதினோரு வருடம் நிலைத்ததற்கு எங்கள் நல்ல குணம் காரணம் என்று ஊரில் சொன்னார்கள். உண்மையில் அந்தக் கோடுதான் காரணம்.

அவர் தொட்டதெல்லாம் ஆட்டோ என்று நாங்கள் சொல்லும் தானியங்கி கியர்பாக்ஸ் மட்டும். அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் அதைத் திறக்கத் துணிந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மூடியைக் கழற்றினால் உள்ளே குடல் மாதிரி வளைந்து வளைந்து எண்ணெய் ஓடும் சந்துகள், குண்டுமணி அளவு உருண்டைகள், மயிரிழைக் கம்பிச் சுருள்கள். ஒன்றை இடம் மாற்றி வைத்தால் கார் முன்னால் போவதற்குப் பதில் நின்ற இடத்தில் முக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அவரோ வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, இலை போட்டு உட்கார்ந்தவர் போலச் சம்மணமிட்டு இருப்பார்.

ஒரு தைப்பூசத்துக்கு வேண்டுதல் என்று பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். ஆற்றங்கரையில் குடத்தில் பால் ஊற்றும்போது கழுத்துக்குக் கீழேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் மனைவிக்கு வந்ததே கோபம்.

"சாமிக்குமா முக்கா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"படியேறும்போது தளும்பும். வழியில கொட்டி வீணாப் போறதுக்கு, போய்ச் சேர்றது போதும்."

"எல்லாரும் நெறச்சிதான தூக்குறாங்க?"

"எல்லாரு தோளும் நனைஞ்சிருக்கு பாரு" என்றார் அவர்.

பார்த்தேன், நனைந்துதான் இருந்தது. அவர் குடத்துப் பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா மட்டும் மலையிறங்கும் வரை பேசவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அவர் உண்மையையும் இதே அளவில்தான் ஊற்றுவார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், தனி ஆள். அவருடைய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "முக்கா பரவால்ல டீச்சர், ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே லோரியில் பழைய கியர் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். ஆறு மாதம் கழித்து டீச்சரின் கார் காய்கறிப் பாசாருக்குப் போகிற வழியில் உட்கார்ந்துவிட்டது. இழுத்து வந்த அன்றைக்கே மேசைக்கு அடியில் இருந்த பெட்டியை மாட்டி அனுப்பினார். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முன்னாடியே தெரிஞ்சிருக்கு. சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்றேன்.

"சொன்னா ஆறு மாசமும் பயந்து பயந்து ஓட்டியிருப்பாங்க. இப்ப ஆறு மாசம் நிம்மதியா ஓட்டுனாங்கள்ல?"

நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் இப்போது ஒரு பெருமூச்சோடு.

சிவபாலன் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத் தமிழர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், அரசாங்க உத்தியோகம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவர். கிளச்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. அதனால் ஆட்டோ கியர். பின்சக்கரம் இழுக்கும் ஆறு சிலிண்டர் ஜப்பான் கார் ஒன்றை ஆசையாசையாக வாங்கி வைத்திருந்தார். ஷா ஆலம் பக்கம் இருந்த ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு காராகக் கால் மைல் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் கியரைக் கையால் மாற்றும் கிளச்சுக் கார்களோடு ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"வெல்ல வேணும் எண்டில்லை. கார் தரக்கூடிய முழுசையும் ஒருக்கா மிதிச்சுப் பார்க்க வேணும்" என்றார்.

எஞ்சினுக்கு நைட்ரஸ் பூட்டுவது என்று முடிவானது. பின்பெட்டியில் ஒரு புட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய். பொத்தானை அமுக்கினால் அந்த வாயு உள்ளே பாயும்; கூடவே பெட்ரோலும் கூடுதலாகப் போகும்; சில நொடிகளுக்கு எஞ்சினுக்குப் பேய் பிடிக்கும். எவ்வளவு பாயவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜெட் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பித்தளைத் துண்டு. நடுவில் ஊசித்துளை, தலையில் எண். வாயுவுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். நான் பெரிய ஜோடியைப் போட்டேன்.

என் வேலை மூன்று நாளில் முடிந்தது. அண்ணன் வேலை மூன்று மாதம். சாதாரண ஆட்டோ பெட்டி கியர் மாறும்போது நமக்குத் தெரியவே தெரியாது. பெட்டிக்குள்ளேயே ஒரு கிளச்சு மெல்ல விட, அடுத்தது மெல்லப் பிடிக்கும். அந்த மெதுவில்தான் சுகம், அந்த மெதுவில்தான் தேய்மானமும். நைட்ரஸின் பலத்தோடு அப்படி வழுக்கினால் தட்டுகள் கருகிவிடும். அதனால் எண்ணெய்த் துளைகளைக் கையாலேயே துளைப்பானைச் சுழற்றிப் பெரிதாக்கினார், சுருள் கம்பிகளை அழுத்தமானவையாக மாற்றினார், கூடுதலாக ஒரு கிளச்சுத் தட்டுக்கு உள்ளே இடம்பிடித்துக் கொடுத்தார். எண்ணெயைக் குளிர்விக்க ஒரு லோரியின் ரேடியேட்டரை வெட்டி முன்னால் மாட்டினார்.

ஒருநாள் சிவபாலன் வந்து நின்றபோது, ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளை அண்ணன் இழுத்துக் காட்டினார்.

"சார், பெட்டிக்குக் கண்ணு கிடையாது. எஞ்சின்ல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க எவ்ளோ மிதிக்கிறீங்கன்னு இந்தக் கேபிளு சொல்றதுதான் அதுக்குத் தெரியும். நீங்க பொத்தான அமுக்கி கேஸ் வருது பாருங்க, அத யாரும் அதுகிட்ட சொல்லல. திடீர்னு பாரம் வந்து விழுந்தா பாவம், என்ன செய்யும்?"

"அப்ப என்ன செய்யிறது?"

"முன்கூட்டியே சொல்லி வெக்கணும். கேபிள ஒரு இழை இறுக்கி வெச்சா, பெரிய பாரம் வரப்போகுதுன்னு நெனச்சி மொதல்லயே கெட்டியாப் புடிச்சிக்கும்."

சிவபாலன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பெட்டியைப் பற்றி இத்தனை அக்கறையாக ஒருவர் பேசி அவர் கேட்டிருக்கமாட்டார். எனக்கும் அன்று அண்ணன்மேல் மரியாதை கூடியது. கியர்பாக்ஸ் திடுக்கிடக்கூடாது என்று கவலைப்படுகிற மனுஷனை வேறு எங்கே பார்ப்பது!

பந்தய நாள் காலை, வெயில் ஏறும் முன்பே ஓடுதளத்துக்குப் போய்விட்டோம். ஜெட்டில் தூசி இருக்கக்கூடாது என்று கழற்றி ஊதப் போனேன். எண்ணைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். நான் போட்டது இல்லை அது. அதைவிடச் சின்னது. பெட்ரோல் ஜெட்டும் அதற்கு ஏற்ற ஜோடி. மாற்றியவர் தப்பில்லாமல் மாற்றியிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அண்ணன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் டீ பொட்டலத்தில் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். மஞ்சள் கோட்டை முதல் தடவையாகத் தாண்டியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. அதோடு, அவர் செய்தால் காரணம் இருக்கும் என்ற பழைய நம்பிக்கை வேறு. சின்ன ஜெட்டையே ஊதி மாட்டிவிட்டுப் பேசாமல் மூடியைச் சாத்தினேன். அது என் பங்கு. மறைக்கவில்லை.

முதல் ஓட்டம் கிள்ளானிலிருந்து வந்த ஒரு கிளச்சுக் காரோடு. சிவபாலன் அழகாகத்தான் கிளம்பினார். கியர் ஒவ்வொன்றும் கட்டையில் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டும்போது அரைக் கார் நீளம் பின்னால் இருந்தார். திரும்பி வந்தவர் முகமெல்லாம் வியர்வை.

"கிட்டத்தட்ட வந்திட்டன்! இதுதான் முழுசு எண்டால், பரவாயில்லை, முழுசையும் பார்த்திட்டன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, மூடவேண்டிய நேரத்தில் திறப்பது என் பிறவிக்குணம். "முழுசு இல்ல சார். அண்ணன் மாத்தி வெச்ச சின்ன ஜெட்டுல ஓடுனீங்க" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு மடக்கு நாற்காலி இருந்த இடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"நீங்களே மாத்தினது?"

அண்ணன் எழுந்து நின்றார். "ஆமா சார்."

"ஏன்?"

"பெரிசு போட்டா பெட்டி தாங்காது. முக்கா போதும்னு நெனச்சேன். கார் உடையாம வீட்டுக்குப் போவீங்கள்ல."

சிவபாலன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்தில ஓட்டப் பந்தயம் எண்டால் என்னைப் பத்தடி முன்னுக்கு நிக்கச் சொல்லுவினம். கோயில்ல தேர் இழுக்கப் போனால் வடத்தின்ர நுனியில சும்மா கை வைக்கச் சொல்லுவினம். என்ர கால் இப்பிடி ஆன நாள்ல இருந்து எல்லாரும் எனக்கு எல்லாத்தையும் கொஞ்சம் குறைச்சுத்தான் தந்தவை, எனக்கே தெரியாமல். நீங்களுமா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பெட்டி பாவம், திடுக்கிடும் எண்டு அதுக்கு முன்னமே சொல்லி வைச்சனீங்கள். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

முக்கால் அண்ணன் எல்லாருக்கும்தான் குறைத்து வைப்பார் சார், சாமிக்கே அப்படித்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னாலும் அது அவருக்கு ஆறுதல் இல்லை.

எங்கள் ஆள் நாற்காலியை மடக்கிச் சாய்த்து வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிகரெட் ஜிகினாத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். நான் போட்ட பெரிய ஜெட்டுகள், இரண்டும். இவ்வளவு நேரமும் நெஞ்சிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"சாயங்காலம் இன்னொரு ஓட்டம் இருக்கு. இத நீங்களே மாட்டிக்குங்க சார். இப்ப முழுசா சொல்லிடுறேன். இதப் போட்டா மூணாவது கியரு புடிக்கும். எவ்ளோ நேரம் புடிக்கும்னு தெரியாது. பெட்டி போயிடும், அநேகமா கோட்டுக்கு முன்னாடியே. தோத்துருவீங்க. போற நேரத்துல கார் திரும்பாது, கவிழாது, சும்மா வேகம் கொறைஞ்சி நேராத்தான் நிக்கும். அது ஒண்ணுக்கு மட்டும் நான் ஜவாப்தாரி."

சிவபாலன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அவரே குனிந்து, நான் வழி சொல்ல, தன் கையால் மாட்டினார்.

நாலரை மணிக்கு அதே கிள்ளான் காரோடு மறுபடி நின்றார். பொத்தானை அமுக்கியதும் கார் பின்னால் உட்கார்ந்து பாய்ந்தது. இரண்டாவது கியருக்கு விழுந்தபோது பார்த்தவர்கள் "ஐயோ" என்றார்கள். பாதித் தூரத்தில் ஒரு கார் நீளம் முன்னால். மூன்றாவது விழுந்தது, பிடித்தது, மூச்சு விடும் நேரம் இழுத்தது, பிறகு விட்டுவிட்டது. எஞ்சின் மட்டும் அலறியது. கிள்ளான் கார் தாண்டிப் போனது. இவர் கார் புகை கக்கிக்கொண்டே, சொன்னபடி நேராக, உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி நின்றது. நாலு கார் தூரத் தோல்வி.

ஓடிப் போனோம். கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கை அறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் சிவபாலன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"காலமை தோத்தது நானில்லை. இப்ப தோத்தது நான்" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தபோது தட்டுகள் அடுப்புக்கரி. சிவபாலன் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய் ஆபீஸ் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பந்தயம் ஓடவில்லை.

முக்கால் அண்ணன் மாறினாரா என்று கேட்காதீர்கள். மறுநாள் காலையும் கிளாஸில் ஒரு விரல் டீ இருந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று சொல்லிவிட்டு நானும் வேலையைப் பார்த்தேன். என் ஜெட்டை என்னிடம் கேட்காமல் மாற்றியதற்கு அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை. அந்த வயதில் இதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது என்று நினைப்போம்.

சில வருடங்களில் முதுகு வலி என்று பட்டறையை விட்டு விலகினார். ரவாங்கில் மகள் வாங்கிய வீட்டுக்குக் குடிபோனார்கள். மாதம் ஒருமுறை போன் போடுவேன். "முக்கா பரவால்ல லா" என்பார். ஒருநாள் அவர் மனைவி எடுத்தார். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

கொமியூட்டர் ரயில் பிடித்துப் போனேன். கூடத்தில் நாற்காலியில் இருந்தார். பாதி ஆள்கூட இல்லை. கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"என்னண்ணே இது?"

"வயித்துல கேஸ்ட்ரிக்தான். முக்கா பரவால்ல."

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு அதே ஊற்றல்தானா என்று ஆத்திரம் பொங்கியது.

"எனக்கும் சின்ன ஜெட்டுதானாண்ணே?" என்றேன்.

சாய்ந்து இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அந்தக் கதவச் சாத்து" என்றார். சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

சொன்னார். ஈரலில் வந்திருப்பது என்ன, டாக்டர் எத்தனை மாதம் என்றார், அதில் எத்தனை போய்விட்டது என்று. மனைவிக்குப் பாதிதான் தெரியும், மகளுக்கு அதுவும் தெரியாது என்று. வாந்தியில் ரத்தம் வருவதை, அதை அவரே கழுவிவிடுவதை. கண்ணை மூடினால் மறுபடி திறக்காதோ என்று உட்கார்ந்தபடியே கிடப்பதை. பயமாக இருக்கிறது என்று சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. குரலில் நடுக்கம்கூட இல்லாமல், வெள்ளைத் துணியில் பாகங்களைப் பரப்புவது போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அது உங்கிட்ட மட்டுந்தான் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"போதும்ணே" என்றேன்.

நிறுத்திவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை. மேசையில் ஆறிக்கொண்டிருந்த டீயை என் பக்கம் மெல்லத் தள்ளி, "குடி, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

மூன்றாவது வாரம் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவியைத் தனியாகக் கேட்டேன், எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று. ஒன்றும் சொல்லவில்லையே தம்பி என்றார் அந்த அம்மா. என்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று அவரிடம் இருந்தது. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.